மத்தியானப் பூட்டு

புதுச்சேரி,
9 ஜூன் 2025

அன்புள்ள அக்கா ஸ்டெல்லாமேரிக்கு,

தம்பி பிரான்சுவா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் ரத்தக்கொதிப்பு இப்போது எப்படி இருக்கிறது? ஈஸ்டர் அன்று போனில் நாம் போட்ட சண்டையில் அது எகிறிவிட்டதாக உன் மகள் மெரின் சொன்னாள். "இனிமே போன்ல நல்ல நாள் வாழ்த்து மட்டும்தான் மாமா, தொழில் விஷயமெல்லாம் லெட்டர்ல" என்று அவள் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இதை எழுதுகிறேன். கடிதத்தில் கத்த முடியாது என்பது அவள் எண்ணம். பார்ப்போம்.

தட்டாஞ்சாவடியில் பப்பா நம் இருவருக்கும் பாதிப் பாதியாக விட்டுப்போன அட்டைப்பெட்டிப் பட்டறையில் புரட்சி வெடித்திருக்கிறது. அரியாங்குப்பத்திலிருந்து வருகிற சூப்பர்வைசர் சரிதாவை உனக்குத் தெரியும். நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் நின்று, "சார், எங்களுக்கு ஃப்ளெக்சிபிள் டைமிங் வேணும்" என்கிறாள். பப்பா காலத்திலிருந்து நம் நேரம் என்ன? காலை ஒன்பதிலிருந்து ஒன்று. நேரு வீதிக் கடைக்காரர்கள் மத்தியானம் ஷட்டரை இறக்குவதுபோல நாமும் பூட்டுவோம். பிறகு மூன்றரையிலிருந்து ஏழரை. இவர்களுக்கு மத்தியானப் பூட்டே கூடாதாம். காலை ஏழரைக்கே வந்து ஒரே மூச்சில் வேலையை முடித்து, மூன்றரைக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்களாம். வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சி இன்னும் ஒரு படி மேலே. மீன் விற்றுவிட்டுப் பத்தரைக்குத்தான் வருவாளாம். நாம் பேக்கரிக்குச் செய்யும் கேக் பெட்டியில் மீன் வாசம் அடித்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "ரெண்டு தடவ சோப்பு போட்டுட்டுத்தான் சார் வருவேன், மோந்து பாருங்க" என்று கையை நீட்டுகிறாள்!

மத்தியானம் இரண்டரை மணிநேரம் சும்மா உட்கார விடுகிறேன். எந்தக் கம்பெனி விடும்? நல்லதுக்குக் காலமில்லை அக்கா.

நீ எனக்கு ஒரு உதவி செய். "எனக்குச் சம்மதமில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அக்காவே வேண்டாம் என்கிறாள் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறேன்.

மெரினுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

உன் தம்பி,
பிரான்சுவா


சார்செல், பிரான்ஸ்,
28 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

தேவன் துணையால் எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படிக்கும் வரை ரத்தக்கொதிப்பும் நலமாகத்தான் இருந்தது.

மெரின் கைக்குழந்தையாக இருந்தபோது நான் இங்கே மெரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புதன்கிழமைகளில் வர முடியாது என்று சொன்னேன். சரி என்றார்கள். அந்த வேலையை மற்ற நாட்களில் முடித்துக் கொடுத்தேன். நகராட்சி இடிந்து விழுந்துவிடவில்லை. இவர்கள் வேலை செய்ய மாட்டோம் என்றா சொல்கிறார்கள்? எப்போது செய்வது என்றுதானே கேட்கிறார்கள்? கொடுத்துவிட்டுப் போயேன்.

நீ எழுதாமல் விட்டதைக் கேட்கிறேன். பட்டறையைப் பூட்டியதும் அந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள்? பஸ் பிடித்து ஆற்றுப்பாலம் தாண்டி அரியாங்குப்பம் போய்த் திரும்ப அவர்களுக்கு நேரம் ஏது? அவர்களை வெளியே விட்டுப் பூட்டிய பிறகு நீ எங்கே இருக்கிறாய்? உள்ளே படுத்துத் தூங்குகிறாயா?

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். காலுக்கு மட்டும் தடவு, சாக்கு சொல்ல வாய்க்குத் தடவாதே.

அன்புடன்,
அக்கா


புதுச்சேரி,
14 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது, மெர்சி. இன்று கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு தேசிய நாள் விழா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் உன்னை நினைத்துக்கொண்டேன்.

தூக்கமா? நானா? கதவைச் சாத்திக்கொண்டு, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி, தொழிலைப் பற்றி ஆழ்ந்து யோசிப்பேன். முதலாளி என்றால் யாராவது யோசிக்க வேண்டுமே. அந்த நேரத்தில் பெண்கள் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் காற்றாட உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் பிக்னிக் மாதிரி இருக்கும்.

நீ சொன்னதற்காக நானும் இறங்கி வந்து ஒரு புதுத் திட்டம் போட்டுவிட்டேன். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் இனி ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னாலும் வரலாம், ஐந்து நிமிடம் பின்னாலும் வரலாம். அவரவர் இஷ்டம்! எல்லோருக்கும் ஏக சந்தோஷம். சரிதா ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி


அரியாங்குப்பம்,
17 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ஸ்டெல்லாமேரி அம்மா அவர்களுக்கு,

பட்டறை சூப்பர்வைசர் சரிதா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மெரின் அக்காவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். உங்கள் விலாசம் எனக்குத் தெரியும், ஏனென்றால் சாருடைய கடிதங்களுக்கு விலாசம் எழுதித் தபாலில் போடுவது நான்தான். உள்ளே என்னைப் பற்றித்தான் எழுதியிருப்பார் என்று தெரிந்தும் ஒருநாள்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

எங்களுக்கு நேரத்தை மாற்றிக் கொடுக்க நீங்கள் மறுத்துவிட்டதாக சார் சொன்னார். "நான் என்ன பண்றது, அக்கா ரொம்ப கண்டிப்பு" என்றார். நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது எங்களோடு தரையில் உட்கார்ந்து பெட்டி மடித்தீர்கள். அந்த அம்மாவா இப்படி என்று மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் கவிநிலா மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் ராஜவேல் ஆட்டோ ஓட்டுகிறார், காலையில் அவரே பள்ளிக்கு அனுப்பிவிடுவார். சாயங்காலம்தான் சிக்கல். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா கடலூருக்குக் குடிபோய்விட்டார். இப்போது பிள்ளை பள்ளி விட்டு வந்து, பூட்டிய வீட்டு வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் வரும்வரை உட்கார்ந்திருக்கிறாள். எட்டரை ஆகிவிடுகிறது அம்மா. பிள்ளை அங்கே பூட்டிய கதவுக்கு வெளியே, மத்தியானத்தில் நான் இங்கே பூட்டிய கேட்டுக்கு வெளியே. அந்த இரண்டரை மணிநேரத்தில் வேலை செய்ய விட்டால் போதும், எங்கள் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பக்கத்துத் தெரு பாட்டில் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக மனமில்லை. ஆனால் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

சார் நல்லவர். மத்தியானம் அவர் தூங்குவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண் மட்டும் வெளியில் இருந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஆளே இல்லாத நேரத்துல எதுக்குக்கா ஜெனரேட்டர் ஓட்றாங்க?" என்று கேட்டாள்.

பணிவுடன்,
ரா. சரிதா


சார்செல்,
1 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சரிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் ராஜவேலும் கவிநிலாவும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

ஆமாம், நான்தான் மறுத்தேன். வயசாகிவிட்டதல்லவா, புத்தி ஒரு நேரம் போல ஒரு நேரம் இருப்பதில்லை. இப்போது மனசு மாறிவிட்டேன். என் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. அவனுக்கு இன்றே எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

கவிநிலாவுக்கு என் முத்தம்.

ஸ்டெல்லாமேரி


சார்செல்,
1 ஆகஸ்ட் 2025

பிரான்சுவாவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை.

நான் எழுதாத மறுப்பை என் பெயரில் சொல்லியிருக்கிறாய். உன் மானத்தைக் காப்பாற்ற நானும் ஒரு பொய் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எதை முதலில் சொல்வது என்றே தெரியவில்லை.

இந்த மாதத்திலேயே சரிதா கையில் ஒரு சாவியைக் கொடு. அந்தப் பெண்கள் கேட்ட நேரத்துக்கு வரட்டும், போகட்டும். பாதிப் பங்குக்காரி சொல்கிறேன். பாட்டில் கம்பெனி உன்னைப்போல யோசித்துக்கொண்டு இருக்காது.

ஒரு சந்தேகம். மத்தியானத்தில் நம் பட்டறையில் ஜெனரேட்டர் ஓடுகிறதா?

அக்கா


புதுச்சேரி,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ கேட்காவிட்டாலும் சொல்வது என் கடமை.

ஜெனரேட்டரா? நம்மிடம் ஜெனரேட்டரே கிடையாதே. யாரோ உன்னிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானத்தில் பட்டறை அவ்வளவு அமைதியாக இருக்கும், நானே சாட்சி.

நீ சொன்னபடியே சாவி கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இப்போது ஆடி மாதம் நடக்கிறது. ஆடியில் புதுக் காரியம் எதுவும் தொடங்கக் கூடாது என்று பக்கத்துப் பட்டறை ஆதிமூலம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாம் மாதா கோவில்பிள்ளைகள்தான், இருந்தாலும் வேலை செய்கிறவர்களின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் அல்லவா? ஆடி முடிந்ததும் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் வந்துவிடும். நான் பாதயாத்திரை போகும் கோஷ்டியோடு வேனில் போகிறேன். திரும்பி வந்ததும் முதல் வேலை இதுதான்.

சரிதாவிடம், "அக்கா சம்மதம் குடுத்துட்டா, நேரம்தான் கூடி வரல" என்று சொல்லியிருக்கிறேன். உன் பெயர் கெடவில்லை.

அன்புடன்,
பிரான்சுவா


புதுச்சேரி,
24 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேளாங்கண்ணியில் உனக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. நம் தெரு ரெக்ஸ் அண்ணன் வீட்டுக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார், மஞ்சள் நிறம், நன்றாக இருக்கிறது. நேற்று சுறாப்புட்டு சாப்பிட்டேன். கிறிஸ்துமஸ் கேக் பெட்டிக்கு பேக்கரியிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. நானே கொஞ்சம் பெட்டி மடித்துப் பழகுகிறேன், நல்ல உடற்பயிற்சி. ஒரு பக்கம் லேசாகச் சாய்கிறது, போகப் போகச் சரியாகிவிடும்.

வேறு விசேஷம் இல்லை. சரிதா நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி.

அன்புடன்,
பிரான்சுவா


சார்செல்,
6 அக்டோபர் 2025

தம்பி,

"என்று கேள்வி"யா? உன் எதிரில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் நன்றாக இருக்கிறாள் என்று உனக்கு யார் சொல்ல வேண்டும்? கவரைத் திருப்பிப் பார்த்தேன். விலாசம் உன் கோழிக் கிறுக்கல். அவள் போய்விட்டாள். போன மாதமே போயிருப்பாள். ரெக்ஸ் அண்ணன் வீட்டு பெயின்ட் வரை எழுதத் தெரிகிறது உனக்கு.

இனி எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. ஆடி, கொடியேற்றம், அக்கா என்று யாரையும் நடுவில் இழுக்காமல் நீயே எழுது. அதுவரை உன் கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


புதுச்சேரி,
23 அக்டோபர் 2025

அன்புள்ள சரிதாவுக்கு,

நீயும் ராஜவேலும் குழந்தையும் சுகமா? தீபாவளி நல்லபடியாகக் கழிந்ததா?

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். போன வாரம் ஒருநாள் மத்தியானம் பட்டறையைப் பூட்டிவிட்டு, பெட்டி மாதிரியைக் காட்ட பேக்கரிக்குப் போனேன். மாதிரி சாய்ந்து நின்றதைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பில், பட்டறைச் சாவியை அவர்கள் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கேட்டுக்கு வந்து பையைத் தடவும்போதுதான் தெரிந்தது. திரும்பிப் போனால் பேக்கரிக்கு மத்தியானப் பூட்டு! நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். கதவைத் தட்டினேன். மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "மனுஷன் தூங்கற நேரத்துல என்னய்யா இது?" என்று அதட்டினாள். 

வேறு போக்கிடம் இல்லாமல் நம் கேட்டுக்கே வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. புங்கமரத்தடியில் அஞ்சலாட்சியும் புதுப் பெண்ணும் ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "உள்ள வாங்க சார்" என்று எனக்கும் இடம் விட்டார்கள். சாப்பாட்டில் பங்கு கொடுத்தார்கள். வழியில் போன ஒருவன், "பெரியவரே, இங்க ஆள் எடுக்கறாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனான். அதுகூடப் பரவாயில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், அஞ்சலாட்சி வாங்கவில்லை. "குடிச்சா போவணும் சார். பெட்ரோல் பங்க் வரைக்கும் நடக்கணும். அதான் மத்தியானத்துல நாங்க குடிக்கறதில்ல" என்றாள்.

எத்தனை வருஷம், சரிதா! உள்ளே குழாய் இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு நான் குறட்டை விட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அக்கா ஒருநாளும் மறுக்கவில்லை. அது என் பொய். ஆடி மாதமும் பொய். உண்மையைச் சொல்கிறேன். நான் தூங்கும்போதும் மிஷின் ஓடும், பெட்டி நேராக நிற்கும் என்று ஆகிவிட்டால், அப்புறம் நான் எதற்கு என்று பயந்தேன். நீ இல்லாமல் இந்த ஒன்றரை மாதமாக நான் இருந்தும் ஒன்றும் ஓடவில்லை.

திரும்பி வருவாயா? நீ சொல்லும் நேரம்தான் நேரம்.

பிரான்சுவா


அரியாங்குப்பம்,
27 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் முழங்கால் நலமா? மழையில் நின்றிருக்கிறீர்கள், தைலம் தடவுங்கள்.

அம்மா மறுக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போதே தெரியும் சார். நீங்கள் பொய் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள்.

பாட்டில் கம்பெனியில் சேரும்போது நேரம் எங்கள் வசதிக்கு என்றுதான் சொன்னார்கள். ஒரு வாரம் காலை ஷிஃப்ட். மறுவாரம் மத்தியானம் போய் ராத்திரி திரும்ப வேண்டும். எந்த வாரம் எது என்று முந்தின நாள்தான் சொல்வார்கள். அங்கேயும் வளைந்து கொடுக்கத்தான் செய்கிறார்கள் சார், ஆனால் வளைகிறவர்கள் நாங்கள். இப்போது பிள்ளை எனக்காக எத்தனை மணிவரை உட்காருவது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

வருகிறேன் சார். ஏழரைக்கு வந்து மூன்றரைக்குப் போவேன். அஞ்சலாட்சி அக்கா பத்தரைக்கு வந்து ஆறரை வரை இருக்கட்டும், சாயங்காலம் பேக்கரிக்காரர் வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும். யாருக்கு எந்த நேரம் தோதோ அதைப் பேசி வைத்துக்கொண்டால், அதை மாற்றும்போது எங்களையும் கேட்க வேண்டும். இது ஒன்றுதான் என் நிபந்தனை. நீங்கள் தாராளமாக உள்ளே தூங்கலாம். உங்கள் நாற்காலியை மட்டும் மிஷினிலிருந்து தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். பாக்கியை வசூல் செய்ய நீங்கள் போய் நின்றால்தான் கொடுக்கிறார்கள் சார். எங்களுக்கு அது வராது.

அடுத்த திங்கட்கிழமை வருகிறேன். அதுவரை தயவுசெய்து பெட்டி எதையும் மடிக்காதீர்கள்.

பணிவுடன்,
சரிதா


அரியாங்குப்பம்,
6 டிசம்பர் 2025

அன்புள்ள ஸ்டெல்லாமேரி அம்மாவுக்கு,

உங்களுக்கும் மெரின் அக்கா குடும்பத்துக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை முன்கூட்டியே சொல்லிக்கொள்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்று சார் சொன்னார், பத்திரமாக இருங்கள்.

கேக் பெட்டி ஆர்டர் முடிந்து பேக்கரிக்குப் போய்விட்டது. எல்லாம் நேராக நின்றன. முதல் வாரம் மத்தியானத்தில் சார் தூங்காமல் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரெண்டாம் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் வாரத்திலிருந்து வழக்கம்போல யோசிக்கிறார். காலையில் கடற்கரையில் நடக்கப் போகிறாராம். "நாளைக்குப் பத்து மணிக்கு மேல வரலாமா சரிதா? உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?" என்று தினமும் என்னிடம் அனுமதி கேட்கிறார். அவரவர் இஷ்டம் சார் என்கிறேன்.

முதல் நாள் நாலரைக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் திரும்பிய கவிநிலா என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கிட்டே வரவில்லை. "அப்பாவுக்கு என்னாச்சும்மா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இருந்தால் ஏதோ கெட்டது நடந்திருக்க வேண்டும் என்று பிள்ளை நினைத்திருக்கிறது. அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து இன்னும் பயந்துவிட்டாள்.

அது போன மாதம். நேற்று பள்ளியிலிருந்து வந்தவள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு விளையாட ஓடப் பார்த்தாள். முதலில் வீட்டுப்பாடம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு, "டெய்லி எதுக்கும்மா இவ்ளோ சீக்கிரம் வந்துட்ற? ஒருநாளாச்சும் லேட்டா வாயேன்" என்றாள்.

ராத்திரி அவர் வந்ததும் இதை அவரிடம் சொன்னேன். இன்று பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் அம்மா இந்தக் கடிதம்.

உங்கள்
சரிதா